வெறுங்குளம்பு: லாடமில்லாமல் குதிரையின் காலைப் பேணுவதும் உடம்பைப் பிடித்துவிடுவதும்

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தைக்கு எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து போகிறவர்கள், விலை பேசுவதற்கு முன் சுழி சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பார்கள். கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லி நடையைப் பார்ப்பார்கள். காலைத் தூக்கி அடியைத் திருப்பிப் பார்ப்பவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். ஆனால் அந்தக் குதிரை வரும் ஆண்டுகளில் நம்மிடம் சுகமாக நடமாடுமா, நொண்டிக்கொண்டே கிடக்குமா என்பதைச் சுழியைவிட அந்த அடிதான் தெளிவாகச் சொல்லும். புதிதாகக் குதிரை வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் அந்த அடியைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வெறுங்குளம்புப் பராமரிப்பு என்பது லாடம் அடிக்காமல், குளம்பைக் குறுகிய இடைவெளியில் சிறிது சிறிதாகச் செதுக்கி, தீனி, நடமாட்டம், தரை ஆகிய மூன்றையும் குளம்புக்கு ஏற்றபடி அமைத்து, குதிரையைத் தன் சொந்தக் குளம்பின் மீதே நடக்கவிடும் முறையாகும். லாடத்தைக் கழற்றிய உடனே அது வெறுங்குளம்புப் பராமரிப்பு ஆகிவிடாது; லாடமும் இல்லாமல் கவனிப்பும் இல்லாமல் விடப்பட்ட குளம்பு, ஒழுங்காக லாடம் அடித்த குளம்பைவிட மோசமான நிலைக்குப் போகும். உடம்பைப் பிடித்துவிடுவதை இதனோடு சேர்த்துச் சொல்வதற்கும் காரணம் உண்டு. கால் வலிக்கும் குதிரை நடையை மாற்றிக்கொள்கிறது. மாறிய நடை தோளையும் முதுகையும் இறுக்குகிறது. இறுகிய தோள் மறுபடியும் குளம்பைக் கோணலாகத் தேய வைக்கிறது. இவற்றுள் ஒன்றை மட்டும் கவனித்தவர்கள் திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

குதிரையின் ஒவ்வொரு காலும் ஒரே ஒரு விரலில் முடிகிறது. அது நம் நடுவிரலுக்கு இணையானது. நானூறு கிலோ எடையுள்ள ஓர் உயிர் நான்கு விரல்நுனிகளின் மீது நிற்கிறது, அந்த எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்கால்கள் இரண்டுமே தாங்குகின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், குளம்பில் நேரும் ஒரு சிறு கோணல் ஏன் பெரிய துன்பமாகிறது என்பது விளங்கும். வெளியே தெரியும் கடினமான உறையைக் குளம்புச் சுவர் என்கிறோம். அது நம் நகத்தைப் போலவே மயிர் முடியும் கோட்டிலிருந்து கீழ்நோக்கி, மாதத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளர்கிறது. முன்நுனியில் இன்று மேலே முளைக்கும் பகுதி தரையைத் தொடுவதற்கு 9 முதல் 12 மாதங்கள் ஆகும். குதிகால் பக்கத்தில் உயரம் குறைவாதலால் அதற்கு ஏறத்தாழ பாதிக் காலமே போதும். ஆகவே, குளம்பில் இன்று நாம் செய்யும் நல்லது, கெட்டது இரண்டின் முழுப் பலனும் ஏறத்தாழ ஓர் ஆண்டு கழித்தே கண்ணுக்குத் தெரியும்.

அந்தச் சுவருக்குள்ளே விரலின் கடைசி எலும்பு இருக்கிறது. அது அடியில் வெறுமனே ஊன்றி நிற்பதில்லை. சுவரின் உட்புறத்திலிருந்தும் எலும்பின் வெளிப்புறத்திலிருந்தும் வரும் சுமார் 600 மெல்லிய மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. காலைத் தூக்கித் திருப்பினால் தெரியும் அடித்தட்டு சற்றுக் குழிந்திருக்கும். அதன் நடுவில், குதிகாலிலிருந்து முன்னோக்கிக் கூராகும் அம்புமுனை போன்ற, அழுத்தினால் ரப்பரைப் போல நெகிழும் பகுதி ஒன்று உண்டு. கால்நடை மருத்துவர்கள் அதை ஃப்ராக் என்பார்கள். அதற்கு மேலே உள்ளுக்குள் கொழுப்பும் நாரும் குருத்தெலும்பும் கலந்த ஒரு மெத்தை இருக்கிறது. ஆரோக்கியமான குதிரை குதிகாலை முதலில் ஊன்றி நடக்கும்போது, ஃப்ராக் தரையில் அழுந்தி, குளம்பின் பின்பகுதி சிறிது விரிந்து, மெத்தை அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. காலைத் தூக்கும்போது மீண்டும் சுருங்குகிறது. இந்த விரிவும் சுருக்கமும் காலின் இரத்தம் மேலேறுவதற்கும் துணை செய்கின்றன. இரும்பு லாடம் ஆணியோடு இறுகியிருக்கும்போது இந்த அசைவு குறைந்துவிடுகிறது என்பதும், ஃப்ராக் தரையில் படாமல் நலிகிறது என்பதுமே வெறுங்குளம்பை விரும்புவோர் முன்வைக்கும் முதன்மையான காரணங்கள்.

லாடத்தைத் திட்டுவது என் நோக்கமன்று. நாள் முழுவதும் தார்ச்சாலையில் வண்டி இழுக்கும் குதிரைக்கு, குளம்பு வளர்கிற வேகத்தைவிடத் தேய்கிற வேகம் அதிகம். அதற்கு லாடம் தேவைப்படலாம். சில குளம்பு நோய்களில் மருத்துவரே தனிவகை லாடத்தைப் பரிந்துரைப்பார். ஆனால் லாடமில்லாத குதிரை என்பது நேற்றுத் தோன்றிய புதுமையும் அன்று. ஆணி அடித்த லாடம் ஐரோப்பாவில் பரவலானது சுமார் 10ஆம் நூற்றாண்டு வாக்கில்தான். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தைய கிரேக்கப் படைத்தலைவரான செனஃபோன், குதிரையை நிறுத்தும் முற்றத்தில் உருண்டைக் கற்களைக் கொட்டி வைத்தால் அதன் மீது நின்று நின்றே குளம்பு உரமேறும் என்று எழுதி வைத்திருக்கிறார். 1980களில் ஜெய்ம் ஜாக்சன் என்ற அமெரிக்க லாடத் தொழிலாளர், அந்நாட்டின் மேற்குப் பகுதியில் வறண்ட நிலத்தில் திரியும் காட்டுக் குதிரைகளின் குளம்புகளைக் கவனித்து, அவை குட்டையான நுனியும் உருண்ட விளிம்பும் தடித்த அடித்தட்டும் கொண்டிருப்பதைக் கண்டார். இன்று வழங்கும் வெறுங்குளம்புச் செதுக்கு முறைகள் பலவற்றுக்கு அந்தக் கவனிப்பு ஓர் அடித்தளமாயிற்று.

எங்கள் பகுதி இந்த முறைக்குப் பொருத்தமான நிலம் என்றே கருதுகிறேன். ஓசூருக்கு அருகில் மத்திகிரியில் இன்று அரசு கால்நடைப் பண்ணையாக இருக்கும் இடம் 1824இல் படைக்குக் குதிரை வளர்க்கும் நிலையமாகத் தொடங்கப்பட்டது. குஜராத்தின் கத்தியவார் இனக் குதிரைகள் அங்கே வளர்க்கப்பட்டு வந்திருக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி வறண்ட காற்றும், இறுகிய செம்மண்ணும், இடையிடையே சரளையும் கொண்ட இந்த மேட்டு நிலத்தில் நாட்டுக் குதிரைகளின் குளம்பு நன்றாகவே இறுகுகிறது. பெங்களூருப் பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டு இங்கே தோட்டங்களுக்கு வரும் உயர்சாதிக் குதிரைகளின் நிலை வேறு: இளவயதிலிருந்தே லாடத்தோடு வளர்ந்த அவற்றின் அடித்தட்டு பெரும்பாலும் மெலிந்திருக்கும். அவற்றுக்கு இரட்டிப்புப் பொறுமை வேண்டும்.

காலைத் தூக்கிப் பார்ப்பது

காளைக்கு லாடம் அடிப்பதைச் சந்தைப்பேட்டையில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, கயிறு கட்டிச் சாய்த்துப் போடுவதுதான் நினைவுக்கு வரும். குதிரையை அப்படிச் செய்யக் கூடாது. அது நின்றபடியே கால் கொடுக்கப் பழக வேண்டும். அதன் தோளருகில் வால் பக்கம் பார்த்து நின்று, தோளில் தொடங்கி முன்காலின் பின்புறத் தசைநாண் வழியாகக் கையை மெதுவாக இறக்கிக்கொண்டு போய், குளம்புக்கு மேலே உள்ள மூட்டை லேசாகப் பற்றினால், பழகிய குதிரை எடையை மறுகாலுக்கு மாற்றிக் காலைத் தரும். தராவிட்டால் இழுக்க வேண்டாம். அதற்கு மறுகாலில் வலி இருக்கலாம்.

காலைத் தூக்கியதும், குளம்புக் கொக்கியால் குதிகாலிலிருந்து நுனி நோக்கிச் சாணத்தையும் மண்ணையும் எடுத்துவிட்டு, முதலில் முகர்ந்து பாருங்கள். அழுகிய வாடையும் கறுப்பான கசிவும் இருந்தால் ஃப்ராக் அழுகத் தொடங்கியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டகை ஈரமாகக் கிடக்கும் நாட்களில் இது எளிதில் வரும். ஃப்ராக்கின் நடுப்பள்ளம் ஆழமில்லாமல் விரல் வைத்தால் படிகிற அளவில் இருப்பது நல்லது. கொக்கியின் முனை உள்ளே புகும் பிளவாக இருந்தால் அங்கே நோய் ஒளிந்திருக்கிறது. பிறகு அடித்தட்டும் சுவரும் சேரும் மங்கலான வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். அது மெல்லியதாக, இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். அகன்று, பொடிக்கற்கள் ஏறியிருந்தால், மேலே சொன்ன மடிப்புகள் இழுபட்டிருக்கின்றன என்று பொருள்.

காலை இறக்கிவிட்டு, பக்கவாட்டில் குனிந்து சுவரைப் பார்ப்பதும் அவ்வளவு முக்கியமானது. மேலே மயிர்க்கோட்டை ஒட்டிய விரலகலப் பகுதி ஒரு சாய்விலும், அதற்குக் கீழே உள்ள பகுதி அதைவிடப் படுத்த சாய்விலும் இருக்குமானால், கீழ்ப்பகுதி எலும்பை விட்டு விலகி வளர்ந்திருக்கிறது. சுவரில் வளையம் வளையமாகத் தெரியும் கோடுகள் தீனி மாற்றத்தையும் காய்ச்சலையும் காட்டும் நாட்குறிப்பு மாதிரி; அந்த வளையங்கள் முன்னே நெருங்கியும் குதிகாலில் அகன்றும் இருந்தால் அந்தக் குதிரைக்கு முன்பு குளம்பு மடிப்புகளில் வீக்கம் வந்திருக்கக் கூடும். சந்தையில் இந்த ஒன்றைப் பார்த்தாலே பாதி ஏமாற்றம் தவிரும்.

செதுக்குவதில் தொடக்கநிலையாளர் நினைவில் வைக்க வேண்டியது, எடுப்பதைவிட விடுவது முக்கியம் என்பதே. அடித்தட்டைக் கத்தியால் சீவி வெள்ளையாகப் பளபளக்கச் செய்வது பார்வைக்கு அழகாக இருக்கலாம். ஆனால் குதிரையின் செருப்பின் தடிமனையே நாம் அறுத்தெடுக்கிறோம். தானாக உதிரும் பொடி உதிரட்டும். ஃப்ராக்கில் தொங்கும் கிழிசலை மட்டும் எடுத்தால் போதும். சுவர் அடித்தட்டின் மட்டத்தைத் தாண்டி நீண்டிருந்தால் அரத்தால் குறைத்து, அதன் வெளிவிளிம்பைக் கூர் இல்லாமல் உருட்டிவிட வேண்டும். விளிம்பு உருண்டிருந்தால் நடக்கும்போது சுவர் பிளப்பதும் வெளியே விரிவதும் குறையும். நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் அரத்தைப் போடுவது, நான்கு மாதத்துக்கு ஒருமுறை நிறைய வெட்டுவதைவிட எல்லா வகையிலும் மேல். முதல் சில முறை அனுபவமுள்ளவர் செதுக்க, அருகில் நின்று காலைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டுப் பிறகு அரத்தைக் கையில் எடுங்கள்.

லாடத்திலிருந்து மாறும் காலம்

எங்கள் செவலைப் பெண்குதிரைக்கு ஒருமுறை லாடம் அடித்தபோது ஆணி உயிர்ப்பகுதிக்கு மிக அருகே இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் அது முன்காலை ஊன்றவே இல்லை. மருத்துவர் ஆணியைப் பிடுங்கி, சீழை வெளியேற்றி, தடுப்பூசியும் போட்டுக் காப்பாற்றினார். குளம்பில் எது குத்தினாலும் குதிரைக்கு ரணஜன்னி (டெட்டனஸ்) தாக்கும் ஆபத்து அதிகம் என்பதால் அந்த ஊசியில் தாமதம் கூடாது. அதன் பிறகு நான்கு லாடங்களையும் கழற்றிவிட்டோம். அதுவரை செய்தது சரி. கழற்றிய பத்தாம் நாளே அதைச் சரளை போட்ட பஞ்சாயத்துப் பாதையில் நடத்திச் சென்றது என் பிழை. அடித்தட்டு இன்னும் மெலிந்திருந்த நிலையில் கற்கள் நசுக்கியதால் மீண்டும் உள்ளே சீழ் பிடித்தது. அந்த ஒரு மாத வேதனையை நான் அதற்குக் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே மாற்றம் படிப்படியாகவே நடக்க வேண்டும். முதலில் உழுத நிலம், மணல், புல்தரை, பிறகு இறுகிய மண்பாதை, சில மாதங்கள் கழித்துச் சிறிது தார்ச்சாலை, கடைசியாகவே சரளை. இடைப்பட்ட காலத்தில் வெளியே அழைத்துச் செல்ல வேண்டுமானால், கழற்றி மாட்டக்கூடிய குளம்புச் செருப்புகள் கிடைக்கின்றன. பெருங்கொக்கிகளோடு கூடிய ரப்பர்க் காலணி மாதிரி இருக்கும். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி இரண்டு, மூன்று சதுர மீட்டருக்குப் பட்டாணி அளவு உருண்டைக் கற்களைப் பரப்பினால், குதிரை நாளுக்குப் பலமுறை தானே வந்து நின்று அடித்தட்டைப் பழக்கிக்கொள்ளும். செனஃபோன் சொன்ன வழியின் அடிப்படையும் இதுதான். நம் மாவட்டத்தில் கிரஷர்களிலிருந்து ஜல்லி எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைக் கொட்டிவிடாதீர்கள். அதன் கூர்முனைகள் குளம்பைக் காயப்படுத்தும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து நடமாட்டம். கட்டுத்தறியில் நாள் முழுவதும் நிற்கும் குதிரைக்கு எவ்வளவு திறமையாகச் செதுக்கினாலும் நல்ல குளம்பு வராது. மாந்தோப்பில் வேலி கட்டி அவிழ்த்துவிட முடிந்தால், தீனியை ஒரு கோடியிலும் தண்ணீரை மறுகோடியிலும் வையுங்கள்; அது தானே நடக்கும்.

தீனியைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். உடல் எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு அளவுக்கு உலர்ந்த புல், தாள் வகைகளே குதிரையின் உணவின் அடிப்படை. கல்யாண ஊர்வலத்துக்குப் போய் வந்த குதிரைக்கு ஆசையோடு வெல்லமும் சோறும் ராகிக் களியும் கொடுப்பவர்கள் இங்கே உண்டு. மாவுச்சத்து திடீரென்று மிகுந்தால் குடலில் ஏற்படும் குழப்பம் இரத்தத்தின் வழியே குளம்பு மடிப்புகளைத் தாக்குகிறது. கோப்பு தளர்ந்து, கடைசி எலும்பு கீழே சரிகிறது. குதிரை முன்கால்களை முன்னே நீட்டி, எடையைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு அசையாமல் நிற்பதும், குளம்பு சூடாக இருப்பதும், குளம்புக்கு மேலே நாடி படபடவென்று அடிப்பதும் இதன் அடையாளங்கள். அப்போது அரத்தையும் தொடக் கூடாது, எண்ணெய் தேய்த்துக்கொண்டும் இருக்கக் கூடாது. உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டின் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.

உடம்பைக் கையால் படிப்பது

குதிரையின் முன்முழங்காலுக்குக் கீழே நடமாட்டத்துக்கான தசை என்று சொல்லத்தக்கது இல்லை. எலும்பும் தசைநாணுமே உள்ளன. காலை இயக்கும் தசைகள் எல்லாம் மேலே தோளிலும் மார்பிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. இன்னொன்று, நமக்கு இருப்பது போன்ற காறை எலும்பு அதற்குக் கிடையாது. முன்கால்கள் இரண்டும் உடலோடு தசைகளாலும் நாண்களாலும் மட்டுமே பிணைக்கப்பட்டு, மார்புக்கூடு அவற்றுக்கிடையே தொட்டில் போலத் தொங்குகிறது. குதிகால் வலித்தால் குதிரை நுனியை முதலில் ஊன்றி, அடியைக் குறுக்கி நடக்கும். வாரக்கணக்கில் அப்படி நடந்தால் அந்தத் தொட்டிலைத் தாங்கும் தசைகள் இறுகிப்போவதில் வியப்பில்லை.

பழைய குதிரைக்காரர்கள் வேலை முடிந்ததும் வைக்கோல் புரியால் உடம்பைத் தேய்த்து மாலிஷ் செய்தது இந்த அறிவின் ஒரு பகுதிதான். நாம் தொடங்க வேண்டியது அதற்கும் முந்தைய படி: தொட்டுப் பார்ப்பது. குதிரையைக் கட்டாமல் ஒருவர் தளர்வாகப் பிடித்துக்கொள்ள, உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, காதுக்குப் பின்னாலிருந்து கழுத்து, தோள், முதுகெலும்பின் இரு பக்கங்கள், பிட்டம் என்று மெதுவாக நகர்த்துங்கள். மாம்பழம் பழுத்திருக்கிறதா என்று பதம் பார்க்கும் அழுத்தம் போதும். ஓரிடத்தில் தோல் துடிக்கலாம், காது பின்னே போகலாம், கண் சட்டென்று சிமிட்டலாம், குதிரை மூச்சை அடக்கலாம். அந்த இடத்தில் அழுத்தத்தைக் கூட்டாமல், கையை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருங்கள். அரை நிமிடமோ இரண்டு நிமிடமோ கழித்துத் தலை தாழ்ந்து, கீழுதடு தொங்கி, குதிரை நாக்கைச் சுழற்றி மெல்லும். சில வேளை நீளமாகக் கொட்டாவி விடும். இறுக்கம் விட்டதற்கு அது அடையாளம் என்று பயிற்சியாளர்கள் கொள்கிறார்கள். என் அனுபவமும் அப்படித்தான்.

இதை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. கழுத்தும் முதுகும் சேரும் மேட்டுக்கு முன்னே குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடத்தில் மனிதக் கையால் சொறிந்தாலும் இதயத்துடிப்பு குறைகிறது என்பதை, பிரான்சின் கமார்க் குதிரைகளைக் கொண்டு 1993இல் வெளியான ஆய்வு காட்டியது. காரட்டைக் காட்டி, குதிரையே தன் தாடையை மார்புக்கும், விலாவுக்கும், முன்கால்களுக்கு இடையிலும் கொண்டுவரும்படி செய்யும் பயிற்சியை வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் மூன்று மாதம் செய்த குதிரைகளுக்கு, முதுகெலும்பை ஒட்டித் தாங்கும் ஆழ்தசை பருத்தது என்று 2011இல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும் குதிரைக்கு, காரட் இல்லாவிட்டால் ஊறவைத்த கொள்ளு ஒரு பிடியும் போதும். எப்போதும் இரு பக்கமும் சமமாகச் செய்யுங்கள். எந்தப் பக்கம் எட்டவில்லை என்பதைக் குறித்து வையுங்கள். நாம் கழுத்தைப் பிடித்து இழுக்கவே கூடாது.

வீங்கிய இடத்தையும், சூடாக இருக்கும் இடத்தையும், காயத்தையும், திடீரென்று நொண்டும் காலையும் பிடித்துவிடக் கூடாது; அவை மருத்துவருக்கு உரியவை. முதுகு இரு பக்கமும் ஒரே இடத்தில் தொடர்ந்து வலித்தால் குளம்புக்கு முன் சேணத்தைச் சந்தேகியுங்கள். மாதம் ஒருமுறை, சமதளத்தில் நிறுத்தி, கைப்பேசியைத் தரையில் வைத்து ஒவ்வொரு குளம்பையும் முன்னும் பக்கவாட்டிலும் அடியிலும் படம் எடுத்துத் தேதியோடு சேர்த்து வைப்பது, நினைவை நம்புவதைவிட எவ்வளவோ உதவும்.

எங்கள் செவலையின் படங்கள் இப்போது பதினான்கு மாதத்துக்கு இருக்கின்றன. பதினொன்றாம் மாதம் புதிய சுவர் தரையைத் தொட்டது. அதற்குப் பிறகு அது பாதையோரப் புல்லைத் தேடி ஒதுங்காமல் சரளையின் நடுவிலேயே நடக்கிறது. இடப்பக்கத் தோள் மட்டும் இன்னும் முழுவதும் இளகவில்லை. காரட்டுக்காக வலப்பக்கம் விலா வரை எளிதாகத் திரும்பும் கழுத்து, இடப்பக்கம் நான்கு விரல் தூரம் குறைவாகவே திரும்புகிறது. படங்களை அடுக்கிப் பார்த்தால், அதே இடப்பக்கத்து முன்குளம்புதான் வலதைவிடக் குறுகி, நிமிர்ந்து வளர்கிறது. அந்தக் காலுக்கு இப்போது ஆறு வாரத்துக்குப் பதிலாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை குதிகாலில் அரத்தைச் சிறிது போட்டு, அன்று மாலையே தோளிலும் கை வைத்துக் காத்திருக்கிறோம்.